பூட்டிக் கிடக்கும் நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு

பொங்கல் லீவில் ஊருக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் வருஷா வருஷம் என்னிடம் கேட்டுவிடுவார்: "நம்ம ஊர்ப் பசங்களுக்கு ஏதாவது செய்யணும்ணா, என்ன செய்யலாம்?" கேட்பவர் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார், நல்ல மனசு, கையில் கொஞ்சம் காசும் இருக்கும், கூடவே மனசுக்குள் ஒரு படமும் ஓடிக்கொண்டிருக்கும்: பந்தல், மைக் செட், ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர், முதல் மூன்று மார்க் எடுத்தவர்களுக்குச் சால்வை, கடைசியில் குரூப் போட்டோ. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதனால் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. பேச்சாளருக்குக் கார் வாடகை, மதியம் பிரியாணி என்று நல்ல செலவு. அவர் மேடையில் "உன்னால் முடியாதது எது?" என்று முழங்கிக்கொண்டிருந்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "டேய், இன்கம் சர்டிபிகேட் எங்கடா வாங்கறது?"

அவனுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் அந்தப் பந்தலில் பத்துப் பேராவது இருந்திருப்போம். எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்கப்புறம் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து சில வருஷமாகச் செய்து பார்த்ததில் எது பலித்தது, எது சொதப்பியது என்பதை வைத்து இதை எழுதுகிறேன். எங்களுடையது திருவண்ணாமலை மாவட்டம், செய்யாறு பக்கம் ஒரு சின்ன ஊராட்சி. நெல், வேர்க்கடலை, காலையும் ராத்திரியும் சிப்காட் ஷூ கம்பெனி பஸ். உங்கள் ஊரில் அது பனியன் கம்பெனியாகவோ பட்டாசு ஆலையாகவோ இருக்கலாம், அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் கேளுங்கள், ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்

"நீ என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். கலெக்டர், போலீஸ், டாக்டர். பெரியவர்களுக்கு எது பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நாங்கள் அந்தப் பதில்களை ஒரு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி வைத்தோம், ஒன்றுக்கும் உதவவில்லை.

பிறகு தற்செயலாக ஒரு கேள்வி அகப்பட்டது. "நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க இருந்த?" இதற்குப் பொய் சொல்லத் தேவையில்லாததால் உண்மை வருகிறது. ஒருவன் பஸ் ஸ்டாப் பின்னால் ஃப்ரீ ஃபயர் ஆடிக்கொண்டிருந்தேன் என்றான், அங்கேதான் டவர் கிடைக்கிறதாம். ஒருத்தி பாட்டிக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்துவிட்டு மாடு கறந்துகொண்டிருந்தேன் என்றாள். இன்னொருத்தி தெருவிளக்குக் கீழே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கரண்ட் இருக்கிறது, டிவியும் இருக்கிறது, குடித்துவிட்டு வரும் அப்பாவும் இருக்கிறார். பெயின்ட் வேலைக்குப் போகும் பையன் "காஞ்சிபுரத்துல இருந்து பஸ்ல நின்னுட்டு வந்துட்டிருந்தேன்" என்றான். இப்படி முப்பது பேரிடம் கேட்டு முடித்தால் ஊரின் சாயங்காலம் கையில் வந்துவிடும். என்ன தேவை என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம், அதிலேயே எழுதியிருக்கும்.

இரண்டாவது கேள்வி: "யார்கிட்டயாவது கேக்கணும்னு நெனச்சு கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?" இதற்கு உடனே பதில் வராது. இரண்டு நாள் கழித்து, தனியாக, டீக்கடைப் பக்கம் வரும்.

கூகுள் ஃபார்ம் அனுப்பாதீர்கள். நடந்து போய்க் கேளுங்கள், பெண் பிள்ளைகளிடம் பெண்களே கேட்கட்டும், ஊர்த் தெருவில் கேட்ட அதே கேள்வியைக் காலனியிலும் கேளுங்கள். பள்ளிக்கூடம் போகிறவர்கள் மட்டும்தான் இளைஞர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், இதில்தான் நாங்கள் முதல் வருஷம் கோட்டை விட்டோம். தேசிய இளைஞர் கொள்கை 15 வயதிலிருந்து 29 வரை கணக்கு வைக்கிறது. பத்தாவது பெயிலாகி சென்ட்ரிங் வேலைக்குப் போனவன், பன்னிரண்டாவது முடித்து ஷூ கம்பெனியில் தையல் லைனில் நிற்கிறவள், பத்தொன்பது வயதில் கல்யாணமாகி கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறவள், எல்லோரும் அந்தக் கணக்குக்குள் வருகிறார்கள். கம்பெனிப் பெண்களிடம் கேட்டபோது பாதிப் பேர் சொன்னது ஒரே விஷயம், தபால் வழியிலாவது டிகிரி முடிக்கணும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் இருக்கிறது, இவர்களில் யாருக்கும் அதைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. வாரத்தில் ஒரு நாள்தான் லீவு, அன்றைக்கும் துணி துவைக்க வேண்டும். அவர்களுக்காக நாங்கள் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஒரு நேரம் ஒதுக்கினோம், வேறு எந்த நேரமும் ஒத்து வரவில்லை.

இடம்

புதுக் கட்டடம் கட்டக் கிளம்பாதீர்கள். 2006க்கும் 2011க்கும் இடையில் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகம், ஒரு விளையாட்டுத் திடல் என்று கட்டினார்கள். உங்கள் ஊரிலும் இருக்கும், ஊராட்சி அலுவலகம் பக்கத்திலோ தண்ணீர்த் தொட்டி பக்கத்திலோ தேடுங்கள், மஞ்சள் பெயின்ட் உரிந்து, ஜன்னலில் குளவிக்கூடு கட்டி, பூட்டிக் கிடக்கும். உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டையும் எரிந்துபோன தெருவிளக்கு பல்புகளும் இருக்கும். திடலில் சீமைக் கருவேலம்.

சாவி பெரும்பாலும் ஊராட்சி செயலரிடம் இருக்கும். தலைவரிடம் போய் நிற்பதற்கு முன்னால் செயலரிடம் பேசுங்கள், ஏனென்றால் தலைவர்கள் மாறுவார்கள். எங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தபோது, ஊரில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் செயலர்தான். அவர் "பார்க்கலாம்" என்பார். அதற்கு அர்த்தம் உங்களுக்கே தெரியும். அப்புறம் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு சபை. வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கும் யாரும் பேசலாம், தீர்மானம் கேட்கலாம். மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். "நூலகத்தைத் திறக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் போதாது, "தினமும் மாலை 5 முதல் 8 வரை திறந்து வைக்கும் பொறுப்பை இன்னார் இன்னார் ஏற்கிறோம், மின் கட்டணத்தை ஊராட்சி செலுத்த வேண்டும்" என்று எழுதுங்கள். எங்களுக்கு மே தினச் சபையில் கேட்டது ஆகஸ்ட் 15 முடிந்து சாவியாகக் கைக்கு வந்தது.

உள்ளே என்ன வேண்டும்? நல்ல வெளிச்சம். இரண்டு டியூப் லைட் போட்டால் போதும் என்று நினைத்தோம், மூலையில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் நடுவுக்கு நகர்ந்து நகர்ந்து ஒரே குவியலாகிவிட்டார்கள், நாலு போட வேண்டியிருந்தது. ஒரு ஃபேன், பாய்கள், நாலு நீள பெஞ்சு, குடிதண்ணீர் கேன், ஒரு தமிழ்ப் பேப்பர் ஒரு இங்கிலீஷ் பேப்பர். போன் சார்ஜ் போட பிளக் பாயின்ட், இதைச் சில பெரியவர்கள் எதிர்த்தார்கள், ஆனால் பிளக் பாயின்டுக்காக வந்தவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள்.

அப்புறம் கழிப்பறை. இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதில் முதல் மூன்று மாதம் ஒரு பெண் பிள்ளைகூட அரை மணிக்கு மேல் உட்காரவில்லை. காரணம் எங்களுக்குப் புரியவே இல்லை. ஒரு அம்மாதான் என் மனைவியிடம் சொன்னார்: "புள்ள மூணு மணி நேரம் எப்படிம்மா அடக்கிக்கிட்டு உக்காரும்?" தாழ்ப்பாள் உள்ள கதவு, வாளி, தண்ணீர், ஒரு மூடி போட்ட குப்பைத் தொட்டி. வேறொன்றும் இல்லை. அதைச் செய்த மறு வாரம் ஏழு பேர் வந்தார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. எட்டு மணிக்கு மூடுவோம் என்றால் எட்டுக்கு மூட வேண்டும், எட்டேகாலுக்கு வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு முறை எட்டரை ஆகிவிட்டால் மூன்றாவது நாள் அனுப்ப மாட்டார்கள், அப்புறம் நீங்கள் எத்தனை தடவை போய்ப் பேசினாலும் கதவு திறக்காது.

இடம் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். கட்டடம் ஊர்த் தெருவில் கோயிலை ஒட்டி இருந்தால் காலனிப் பிள்ளைகள் வரத் தயங்குவார்கள், "யாரும் தடுக்கலையே" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருக்கலாம். காலனியில் இருந்தால் இந்தப் பக்கத்துப் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள், காரணம் மட்டும் வேறு ஏதாவது சொல்வார்கள். எங்கள் அதிர்ஷ்டம், கட்டடம் பள்ளிக்கூடத்தை ஒட்டி இருந்தது. அப்படி இல்லாவிட்டால் பள்ளி வகுப்பறை ஒன்றைச் சாயங்காலத்துக்குக் கேட்டுப் பாருங்கள். கிரிக்கெட் டீமை இரண்டு தெருவாகப் பிரிக்காதீர்கள், பேட்டும் பந்தும் பொதுவாக இருக்கட்டும், தண்ணீர் கேனுக்கு ஒரே டம்ளர். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள்தான். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக் கூடாது என்பதும் ஒரு பரிந்துரை. நம் அறையிலும் அதே விதி. சொல்லும்போது முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள், சுளிக்கட்டும்.

தேதி தெரிந்த ஒரு ஆள்

எல்லாவற்றையும்விட அதிகம் பலன் தந்தது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது, செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஊருக்கு ஒரு ஆள், எந்தச் சான்றிதழுக்கு எங்கே போக வேண்டும், எந்த விண்ணப்பத்துக்கு என்றைக்குக் கடைசி நாள் என்று தெரிந்த ஆள், போன் அடித்தால் எடுக்கிற ஆள். எங்கள் ஊரில் அது நானில்லை, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா. அவர் வீட்டுச் சுவரில் ஒரு நாட்காட்டி, அதில் சிவப்பு மையில் வட்டங்கள்.

ஜனவரியிலேயே பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் சாதிச் சான்று, வருமானச் சான்று, தேவைப்படுகிறவர்களுக்கு இருப்பிடச் சான்று, வீட்டில் இதுவரை யாரும் டிகிரி வாங்காவிட்டால் முதல் பட்டதாரிச் சான்று. எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பது, ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று கோப்பு நகரும். ரிசல்ட் மே மாதம் முதல் பத்து நாளுக்குள் வந்துவிடுகிறது, 2024இல் மே 6, 2025இல் மே 8. அதே நேரத்தில் கல்லூரி விண்ணப்பங்களும் ஓடிக்கொண்டிருக்கும். எல்லோரும் அந்த வாரத்தில்தான் இ-சேவை மையத்துக்கு ஓடுவார்கள், சர்வர் படுத்துவிடும், விஏஓ வேறு டியூட்டியில் இருப்பார். பிப்ரவரியில் போனால் ஒரு வாரத்தில் கையில் இருக்கும். வருமானச் சான்று ஒரு வருஷம்தான் செல்லும், அதனால் ரொம்ப முன்னாலும் எடுத்துவிடாதீர்கள். முதல் பட்டதாரிச் சான்று அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் கிடைக்காது, பொய் சொல்லி வாங்கச் சொல்லாதீர்கள், பின்னால் மாட்டுவது பிள்ளைதான்.

விண்ணப்பத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் எது தெரியுமா? இனிஷியல். பத்தாவது மார்க் ஷீட்டில் "க. பிரியா", ஆதாரில் "பிரியா கண்ணன்", பேங்க் பாஸ்புக்கில் வெறும் "பிரியா". (பேர் சும்மா ஒரு உதாரணத்துக்கு.) மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆதாரைத் திருத்தி, வங்கிக் கணக்கில் ஆதாரை இணைத்து முடிக்க ஒரு மாதம் போய்விடும். நாங்கள் டிசம்பர் அரையாண்டு லீவில் ஒரு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் மூன்று காகிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் பாயில் வைத்து எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்வோம். இருபது பேர் உட்கார்ந்தால் ஏழெட்டுப் பேருக்காவது எங்காவது இடிக்கும். சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போகும் அந்த நாள், ஆனால் கோடையில் ஏழெட்டு அலைச்சல் மிச்சம்.

இந்த இணைப்பு எதற்கு என்றால், உதவித்தொகை நேராகக் கணக்குக்கு வருகிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது, பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். விதிகளை ஒவ்வொரு வருஷமும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், போன வருஷத்து ஞாபகத்தில் சொல்லாதீர்கள். ஆயிரம் ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் பஸ் போக மதியம் சாப்பாட்டுக்கு வீட்டில் கை நீட்ட வேண்டாம் என்பதே பல பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் தாக்குப் பிடிக்கக் காரணமாக இருந்திருக்கிறது.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று விரிந்தது, அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. இதைப் பன்னிரண்டாவது பெற்றோரிடம் சொல்லிப் பயனில்லை, ஐந்தாவது பெற்றோரிடம் சொல்லுங்கள். ஆறாவதுக்கு இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளியில் கடன் வாங்கிச் சேர்த்துவிட்டு, பணம் கட்ட முடியாமல் ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டு வந்தவர்கள் எங்கள் ஊரில் மூன்று பேர். அந்த மூன்று வருஷக் கணக்கு அவர்களை வெளியே நிறுத்திவிட்டது.

கலைக் கல்லூரி விண்ணப்பம் ஆன்லைனில் 50 ரூபாய்க்குள் முடிகிற வேலை: விண்ணப்பம் 48, பதிவு 2, பட்டியலினத்தவருக்கு அந்த 2 மட்டும். நெட் சென்டரில் முந்நூறு வாங்குகிறார்கள். அதைவிடப் பெரிய வம்பு, கடைக்காரர் தன்னுடைய மெயிலையும் போன் நம்பரையும் போட்டுப் பதிவு செய்துவிடுவார், ஓடிபி அவருக்குப் போகும், கவுன்சலிங் தகவலும் அவருக்குப் போகும். பிள்ளைக்குச் சொந்த மெயில் ஐடி உருவாக்கிக் கொடுத்து, பாஸ்வேர்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் கையாலேயே எழுத வையுங்கள். பாதுகாப்பு நிபுணர்கள் எழுதி வைக்காதே என்பார்கள், அவர்கள் நம் பசங்களைப் பார்த்ததில்லை.

கல்லூரி வேண்டாம் என்கிறவனைத் துரத்தாதீர்கள். அரசு ஐடிஐயில் சில பிரிவுகளுக்கு எட்டாவது போதும், கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வேறு. 12 முடித்தவர்கள், ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தால் பிஇ-யிலும் அப்படியே. இந்தப் படிக்கட்டு இருப்பது தெரியாமல் ஒரேயடியாகக் குதிக்கப் பார்த்துக் கால் உடைந்தவர்கள் நிறைய. கல்விக் கடனுக்கு 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி, கிளையில் வேறு மாதிரி பேசினால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

ரிசல்ட் அன்றைக்கு

ரிசல்ட் வரும் காலையில் முதல் மார்க் எடுத்த வீட்டுக்குப் போகாதீர்கள். அங்கே ஸ்வீட் வாங்க ஆள் இருக்கிறது. பெயிலான பிள்ளைகள் வீட்டுக்குப் போங்கள், பத்து மணிக்குள். சும்மா திண்ணையில் உட்கார்ந்து, துணைத்தேர்வு இந்த வருஷமே எழுதலாம், பாஸ் ஆனால் இந்த வருஷமே சேரலாம் என்று அப்பா காதில் விழும்படி சொல்லுங்கள். பிள்ளை ரொம்ப அமைதியாக இருந்தால், அல்லது "நான் இருந்து என்ன" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தனியாக விடாதீர்கள். 104 அல்லது 14416 அடித்தால் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். இரண்டு எண்ணையும் அறைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம், கூடவே குழந்தைகள் உதவி எண் 1098, பெண்களுக்கு 181.

1098 ஏன் என்றால், பிள்ளைகள் உங்களை நம்ப ஆரம்பித்த பிறகு தூக்கிப்போடும் விஷயங்களும் வரும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருப்பார்கள். யாரோ தொடக் கூடாத இடத்தில் தொட்டிருப்பார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி தெரிந்தும் மறைப்பது குற்றம், ஊரில் வைத்துப் பேசி முடிக்கிற சோலியே கிடையாது. உங்கள் ஆட்களுக்கும் விதி வையுங்கள்: அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தே இருக்கும், ராத்திரி பத்து மணிக்கு மேல் யாரும் எந்தப் பிள்ளைக்கும் மெசேஜ் அனுப்பக் கூடாது. இந்த விதியைக் கேட்டு "என்னையே சந்தேகப்படுறீங்களா" என்று கோபித்துக்கொண்டு போன ஒருவரை நாங்கள் திரும்பக் கூப்பிடவில்லை.

குரூப் 4ம் போலீஸும்

ஊரில் பாதிப் பேருக்கு இந்த இரண்டு ஆசைதான். நல்ல ஆசை. ஆனால் எண்களைச் சொல்லிவிட வேண்டும். 2024 குரூப் 4க்கு முதலில் அறிவித்தது 6,244 இடம், பிறகு கூட்டினார்கள், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். தமிழில் 100 கேள்வி, பொது அறிவும் கணக்குமாக 100, மொத்தம் 300 மார்க். தமிழில் 40 சதவீதம் வராவிட்டால் மீதி விடைத்தாளையே பார்க்க மாட்டார்கள். கோச்சிங் சென்டர் மெட்டீரியல் வாங்குவதற்கு முன்னால் 6 முதல் 10 வரை பள்ளிப் பாடப் புத்தகங்களைச் சேகரியுங்கள், பழைய புத்தகத்தை ஊரிலேயே கேட்டால் கிடைக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. என் சொந்தக் கருத்து, இரண்டு முறை முழு மூச்சாக எழுதட்டும், மூன்றாவது முறையிலிருந்து ஒரு வேலையில் இருந்துகொண்டு எழுதட்டும். முப்பது வயதில் நோட்டும் கையுமாக நூலகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது, அதில் நமக்கும் பங்கு உண்டு, "விடாதடா" என்று சொன்னது நாம்தானே.

போலீஸ் தேர்வுக்கு முதல் வேலை, சுவரில் டேப் வைத்து அளந்து பெயின்டில் ஒரு கோடு. ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், பட்டியலினத்தவருக்கு 167, பெண்களுக்கு 159, பட்டியலினப் பெண்களுக்கு 157. இரண்டு வருஷம் விடியற்காலையில் எழுந்து ஓடிய ஒரு பையன் அளவெடுப்பில் 168.5 என்று திரும்பி வந்தான். செருப்போடு அளந்திருக்கிறான் அதுவரை. அந்தக் கோடு இப்போது எங்கள் நூலகச் சுவரில் இருக்கிறது, பக்கத்தில் சின்னப் பசங்கள் தங்கள் உயரத்தையும் கீறி வைத்திருக்கிறார்கள். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதைத் தார் ரோட்டில், இருட்டில், எம்-சாண்ட் லாரிகளுக்கு நடுவே ஓடிப் பழகுகிறார்கள். திடலைச் சுத்தம் செய்து தர ஊராட்சியைக் கேளுங்கள், ஒரு நாள் ஜேசிபி போதும். 2024இல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் வந்தன. எங்கள் ஊரில் பெட்டி பிரிக்காமலே இருந்தது, உங்கள் ஊரிலும் விசாரியுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் திடலில் தனி நேரம் வையுங்கள். பொதுவில் விட்டால் பையன்கள் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை, பழக்கத்தில்.

காசு

நிறைய வேண்டாம், அடிக்கடி வேண்டும். ஒரே ஆளிடம் ஐம்பதாயிரம் வாங்கினால் பேனரில் அவர் முகம் வரும், அடுத்த தேர்தலில் அறை அவர் கட்சி ஆபீஸ் ஆகிவிடும். ஐம்பது பேரிடம் மாதம் நூறு வாங்குங்கள். வரவு செலவை மாதம் முடிந்ததும் சார்ட் பேப்பரில் எழுதி வாசலில் ஒட்டுங்கள், "டீ 40 ரூபாய்" உட்பட. ஊர் வாயை அடைக்க வேறு வழி கிடையாது. பதிவு பண்ண வேண்டுமென்றால் 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் போதும், ஆனால் முதல் வருஷமே ஓடாதீர்கள். தலைவர் யார், செயலாளர் யார் என்ற சண்டையில் அறை திறக்காமல் போன ஊர் பக்கத்திலேயே இருக்கிறது.

சாவியை எப்போது கொடுப்பது

நான் ரொம்பத் தாமதித்தேன். மூன்று வருஷம் சாவி என் பைக் சாவிக் கொத்திலேயே தொங்கியது. எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் அறை திறக்கவே இல்லை, அப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷம் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள், இரண்டு பேரிடம், ஒரு பையன் ஒரு பெண், இரண்டு தெருவுக்கும் ஒன்று. தப்பு செய்வார்கள். எங்கள் பசங்கள் பேப்பர் காசில் கேரம் போர்டு வாங்கிவிட்டார்கள். நான் குதித்தேன். ஆனால் அந்த கேரம் போர்டுக்காகத்தான், அதுவரை எட்டிப் பார்க்காத சென்ட்ரிங் வேலைப் பையன்கள் ஏழு மணிக்கு மேல் வர ஆரம்பித்தார்கள், அவர்களில் இரண்டு பேர் இந்த வருஷம் எட்டாவது சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு ஐடிஐ விண்ணப்பம் கேட்டு அந்த அக்கா வீட்டு வாசலில் நின்றார்கள்.

இப்போது ஒரு சாவி, தெருவிளக்குக் கீழே படித்த அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. போன வாரம் எட்டு மணிக்கு நான் பேப்பர் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அண்ணா, டைம் ஆச்சு, எந்திரிங்க, பூட்டணும்" என்று லைட்டை அணைத்துவிட்டாள்.